விசையில் விரல் எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

துக்ளகாபாத்திலுள்ள டாக்டர் கர்ணி சிங் சுடுதளத்தைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத் தில்லித் தமிழர்கள் பலர் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். சுடுதளத்தில் கண்ட பழக்கங்கள், செய்தித்தாளில் படித்த சொற்கள், இங்குள்ள திருமண ஊர்வலங்களில் கேட்ட வேட்டுச் சத்தம் என்று கேள்விகள் பல திசைகளில் போகின்றன. பயிற்சியாளராகவும் போட்டி அலுவலராகவும் 22 ஆண்டுகள் இருந்த எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பவையும் இவையே என்பதால், சில பதில்கள் நீண்டுவிட்டன.

மயூர் விஹார் வாசகி: என் 12 வயது மகன் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் ஒரு பெல்லட்கூடச் சுட விடவில்லை. “விரலை வெளியே எடு” என்று மட்டுமே பயிற்சியாளர் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். வெறும் காற்றுத் துப்பாக்கிக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா?

தேவை, அம்மா. உங்கள் மகனுக்கு நல்ல பயிற்சியாளர் வாய்த்திருக்கிறார். நம் பிள்ளைகள் கையில் முதன்முதலில் ஏறுவது தீபாவளிக்கு வாங்கித் தரும் பொட்டுவெடித் துப்பாக்கி. அதைப் பிடித்த உடனே ஆள்காட்டி விரல் விசைக்குள் போய்விடுகிறது. முனை தங்கையின் முகத்துக்கு நேரே திரும்புகிறது. பெரியவர்களாகிய நாமும் இரண்டு கைகளையும் தூக்கிப் பயந்தவர்போல் நடித்துச் சிரிக்கிறோம். கோடை விடுமுறைக்குச் சென்னைக்குப் போனால் மெரினாவில் பலூன் சுடும் கடை இருக்கிறது. கடைக்காரர் குழலை மடக்கிப் பெல்லட்டைப் போட்டுக் கையில் கொடுத்த துப்பாக்கியோடு, “அப்பா, இங்கே பாருங்க” என்று அப்படியே பின்பக்கம் திரும்பும் குழந்தைகளை நான் பலமுறை பார்த்துப் பதறியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளாகக் கை கற்றுக்கொண்டதை மூன்று வாரத்தில் மறக்கச் செய்வது எளிதன்று.

‘வெறும் காற்றுத் துப்பாக்கி’ என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போட்டிகளில் பயன்படும் ஏர் ரைஃபிளிலிருந்து 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட் ஏறத்தாழ நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். குழல் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை என்பது உண்மை. உரிமம் தேவையில்லை என்பதைக் கேட்டவர்கள் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியை மொட்டை மாடியில் புறா விரட்டப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

விரலைப் பற்றிச் சொல்கிறேன். இலக்கைக் குறிபார்த்து முடித்துச் சுடப்போகும் நொடிவரை அது விசைக் காப்புக்கு, அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடலை ஒட்டி நீட்டியபடி இருக்க வேண்டும். நாம் தடுமாறும்போதும், தும்மும்போதும், பின்னாலிருந்து யாராவது திடீரென்று கூப்பிடும்போதும் கை தன்னை அறியாமல் இறுகும்; விரல் வெளியே இருந்தால் இறுகினாலும் ஒன்றும் நேராது. போட்டிக்குரிய ஏர் பிஸ்டலின் விசை 500 கிராம் எடையாவது தாங்க வேண்டும், அதைவிட மெல்லிய அழுத்தத்துக்கு இணங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஏர் ரைஃபிளுக்கு அந்தக் கீழ்வரம்பும் கிடையாது. விரல் பட்டாலே வெடிக்கும் அளவுக்கு அதை மென்மையாக வைத்துக்கொள்வார்கள். உங்கள் மகன் இன்னும் ஒரு மாதம் சுடாமல் இருந்தாலும் கட்டணம் வீணாகவில்லை.

ஆர்.கே. புரம் வாசகர்: சுடுதளத்துக்கு வருபவர்களிடம் உங்களுக்கு மிகவும் எரிச்சலூட்டும் பழக்கம் எது?

கையில் துப்பாக்கியோடு திரும்பிப் பேசுவது. இதில் எனக்குக் கணநேரத் தயக்கமும் இல்லை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் சுடுதளத்தில், புள்ளி 22 பிஸ்டலால் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், துப்பாக்கி அடைத்துக்கொண்டது என்பதைச் சொல்ல என்னை நோக்கி முழு உடலோடு திரும்பினார். பிஸ்டலின் முனை என் வயிற்றைப் பார்த்தது. அவருடைய விரல் விசையில் இருந்தது. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இலக்கின் பக்கம் திருப்பியபோது அவர் வருத்தத்தோடு சொன்ன பதில், “காலி ஹை, சார்.” தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, பிஸ்டலின் மேற்பகுதியான ஸ்லைடை இழுத்துப் பார்த்தோம். குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையில் ஒரு தோட்டா இருந்தது. அன்றிலிருந்து ‘காலிதான்’ என்ற சொல்லைப் போல் என்னைக் கோபப்படுத்தும் சொல் வேறில்லை. காலி என்று நம்பிய துப்பாக்கியால்தான் வீடுகளில் துப்பாக்கியைத் துடைக்கும்போது விபத்துகள் நேர்கின்றன. அடைத்துக்கொண்டால் முனையை இலக்கை நோக்கியே வைத்து, மறு கையை உயர்த்தினால் போதும். அலுவலர் உங்களிடம் வருவார்.

இதற்காகத்தான் பாதுகாப்புக் கொடி என்ற ஒன்றைச் சர்வதேச விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உள்ள அந்த நெகிழிக் கயிறு, தோட்டா இருக்க வேண்டிய அறைக்குள் செருகப்பட்டிருந்தால் அங்கே தோட்டா இருக்க முடியாது என்பதைத் தூரத்திலிருந்தே எல்லோரும் பார்க்கலாம். காற்றுத் துப்பாக்கியில் அந்தக் கயிறு குழலின் முழு நீளத்துக்கும் போய் முனையில் எட்டிப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய் பெறாத இந்தக் கயிற்றைப் பையிலேயே போட்டுவிட்டு, ஒன்றிரண்டு லட்ச ரூபாய் விலையுள்ள ரைஃபிளை மேசைமேல் வெறுமனே கிடத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அடுத்தது, சுடுவதை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்தபிறகும் துப்பாக்கியைத் தொட்டுக்கொண்டிருப்பது. “ஸ்டாப்” என்றால் சுடுவதை மட்டும் நிறுத்தினால் போதும் என்று பலர் நினைத்துக்கொண்டு, துப்பாக்கியில் ஒரு திருகைத் திருகுவது, குறிகாட்டி வழியாக ஒருமுறை பார்ப்பது என்று எதையாவது செய்கிறார்கள். இலக்குப் பக்கம் ஆள் போயிருக்கும் நேரத்தில் ஒருவர் குறிபார்த்தால், அந்தக் குறியில் இருப்பவர் அந்த ஆள். அந்த நேரத்தில் துப்பாக்கியைத் தொடாமல் ஓரடி பின்னால் வந்து நிற்பதே முறை.

ஈயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பெல்லட் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட அதே விரல்களால் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிடுகிறார்கள். பெற்றோர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊறுகாய் பரிமாறுகிறார்கள். விரலில் ஒட்டிய ஈயம் வயிற்றுக்குள் போய் உடலில் தங்கிவிடும். வளரும் பிள்ளைகளின் மூளைக்கும் நரம்புகளுக்கும் அது கேடு. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் வாயில் வைக்க வேண்டும். உள்ளரங்கச் சுடுதளத்தின் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினாலும் அந்த ஈயத்தூள் காற்றில் எழும்பும் என்பதால், ஈரத்துணியால் துடைப்பதுதான் சரி. காதடைப்பானும் இப்படித்தான் அலட்சியப்படுத்தப்படுகிறது. தோட்டாத் துப்பாக்கிகளின் ஓசை பெரும்பாலும் 140 டெசிபலைத் தாண்டும். காதுக்குள் ஒருமுறை பழுதான நுண்மயிர்கள் மறுபடி முளைப்பதில்லை.

கரோல்பாக் வாசகர்: திருக்குறளிலேயே ‘துப்பாக்கி’ இருக்கிறதே, அப்படியானால் அது தூய தமிழ்ச் சொல்தானே?

இல்லை. வான்சிறப்பு அதிகாரத்தின் 12-ஆம் குறளில் வரும் ‘துப்பாக்கி’யைத் துப்பு, ஆக்கி என்று பிரிக்க வேண்டும், துப்பு என்பது அங்கே உணவு. உண்பவர்க்கு உணவை விளைவித்து, தானும் உணவாக அமையும் மழையைச் சொல்லும் குறள் அது. நாம் சுடுகின்ற துப்பாக்கி, துருக்கிய மொழியின் ‘துஃபெக்’ என்ற சொல்லிலிருந்து இந்திய மொழிகளுக்குள் வந்தது. இரண்டும் ஒரே ஒலியில் அமைந்தது தற்செயல்.

ஜனக்புரி வாசகர்: செய்தித்தாள்களில் குண்டு, தோட்டா, ரவை என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். பொருள் ஒன்றுதானே? இதில் துல்லியம் பார்ப்பது வீண் பிடிவாதம் என்று என் மகன் சொல்கிறான்.

உங்கள் மகன் பாதி சரி. மீதிப் பாதியைப் பதிலின் கடைசியில் சொல்கிறேன். தோட்டா என்பது முழுப் பொருள். பித்தளை உறை, அதன் அடியில் பொறி தட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, மூக்கில் குண்டு என்று நான்கும் சேர்ந்தது ஒரு தோட்டா. விசையை அழுத்தினால் குண்டு மட்டும் பறக்கிறது. உறை பின்னால் மிஞ்சுகிறது. ரவை என்பதை, ‘12 போர்’ எனப்படும் ஷாட்கனின் தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சிறு ஈய உருண்டைகளுக்கு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. நாம் சமைக்கும் ரவையைப் போல் பல துகள்களாகச் சிதறுவதால் பெயர் பொருந்துகிறது.

‘சம்பவ இடத்தில் 5 தோட்டாக்கள் கண்டெடுக்கப்பட்டன’ என்று ஒரு செய்தி வருகிறது. அவை சுடப்படாத முழுத் தோட்டாக்களா, கீழே உதிர்ந்த வெற்று உறைகளா, சுவரில் பதிந்த குண்டுகளா? முழுத் தோட்டா என்றால் அது சுடப்படவே இல்லை. வெற்று உறை என்றால் சுட்டவர் அநேகமாக அதன் அருகே எங்கோ நின்றிருந்தார். சுடும் ஊசி குத்திய தடம் உறையின் அடியில் இருக்கும். குண்டு என்றால் அது போய்ச் சேர்ந்த இடம் இதுதான். குழலின் உட்புற வரிகள் அதன்மேல் கீறிய கோடுகள் தடயவியலாளருக்கு உதவும். மூன்றும் மூன்று வேறு கதைகள். ஒரே சொல்லால் மூன்றையும் எழுதும்போது, ஒரு மனிதரின் சாவைப் பற்றிய செய்தி தவறாகப் போய்ச் சேருகிறது. என் மனவருத்தம் அதுதான்.

தில்லிச் செய்திகளைத் தமிழில் எழுதும்போது நேரும் இன்னொரு குழப்பத்தை இங்கே வசிப்பவர்களால்தான் உணர முடியும். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்றால் நம் மனத்தில் வருவது, குழலின் முனை வழியாக மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நீளமான வேட்டைத் துப்பாக்கி. இங்கே பிடிபடுவதோ கட்டா என்றும் தமஞ்சா என்றும் சொல்லப்படும், சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகக்கூடிய, பெரும்பாலும் ஒரே தோட்டா மட்டும் கொள்ளும் கள்ளக் கைத்துப்பாக்கி. இரண்டையும் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்றே அச்சிடுகிறார்கள். கட்டா என்றே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் வாசகருக்கு எந்தச் சிரமமும் இராது. அதுபோலவே பிஸ்டலா ரிவால்வரா என்று தெரியாத நிருபர் கைத்துப்பாக்கி என்று எழுதிவிடலாம். அந்தச் சொல் இரண்டுக்கும் பொருந்தும். சுழலும் உருளையில் தோட்டாக்கள் இருந்தால் ரிவால்வர். பொதுவாகக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருந்தால் பிஸ்டல். பிடிபட்ட ஒவ்வொரு நீளத் துப்பாக்கியையும் ஏகே-47 ஆக்கிவிட வேண்டிய அவசியமும் இல்லை. மேகசின் என்றதும் நினைவுக்கு வருகிறது: நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் மேகசினும் துப்பாக்கியின் மேகசினும் ஒரே சொல்தான். கிடங்கு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்து, ஒன்றில் கட்டுரைகளையும் மற்றொன்றில் தோட்டாக்களையும் சேர்த்து வைக்கிறது.

இனி உங்கள் மகன் சரியாகச் சொன்ன பாதி. சுடுதளங்களில் சிலர், புதிதாக வந்த ஒருவர் ‘சைலன்சர்’ என்று சொன்ன உடனே, “அது சப்ரஸர்” என்று எல்லார் முன்னிலையிலும் திருத்துகிறார்கள். ஹிராம் பெர்சி மாக்சிம் 1909-இல் அமெரிக்காவில் அந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்று விற்றபோது சூட்டிய பெயரே சைலன்சர்தான். அந்தக் கருவி ஓசையை முழுவதும் அடக்குவதில்லை, சுமார் 20 முதல் 35 டெசிபல்தான் குறைக்கிறது என்ற செய்தி பயனுள்ளது, அதைச் சொல்லிக்கொடுக்கலாம். சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு புதியவரைக் கூனிக் குறுகச் செய்வதால் என்ன கிடைக்கிறது? அப்படித் திருத்துகிறவர்களில் சிலருடைய விரல் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

லோதி காலனி வாசகி: 12 போர் என்றால் 12 மில்லிமீட்டர் குழலா, 12 தோட்டாவா?

இரண்டும் இல்லை, அம்மா. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அந்த உருண்டை ஒன்றின் குறுக்களவுதான் குழலின் உள்ளளவு, சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர் என்றால் அதே ஈயத்தை 20 உருண்டைகளாக்க வேண்டும். ஆகவே எண் கூடினால் குழல் சிறுத்துப்போகும். புள்ளி 22, புள்ளி 32 என்பவை அங்குலக் கணக்கு.

துவாரகா வாசகர்: அலுவலக நண்பரின் திருமணத்துக்காக மேற்கு உத்தரப் பிரதேசம் போயிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் நாலைந்து பேர் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். மேலே பார்த்துச் சுடுவதில் என்ன ஆபத்து என்று கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பயந்தது சரியா?

நீங்கள் பயந்தது சரி. அங்கிருந்து உடனே உள்ளே போயிருந்தால் இன்னும் சரி. மேலே போன குண்டு கீழே வந்தே தீரும். செங்குத்தாகப் போய்த் திரும்பும் குண்டுகூட மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விழ முடியும். தலையில் பட்டால் உயிர் போகலாம். ஆனால் ஊர்வலத்தில் ஆடிக்கொண்டே சுடுகிறவர் யாரும் செங்குத்தாகச் சுடுவதில்லை. சாய்வாகப் போன குண்டு, புறப்பட்ட வேகத்தில் ஒரு பகுதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இன்னொரு வீட்டு மாடிக்கோ வயலுக்கோ போய்ச் சேரும். சிறிய புள்ளி 22 குண்டே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வரை போகும். கூட்டத்தில் கை தட்டுப்பட்டு முனை தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் வேண்டாம். மணப்பெண்ணும் மேளக்காரரும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் இப்படிச் செத்திருக்கிறார்கள் என்பதை இங்குள்ள இந்திச் செய்தித்தாள்களை ஒரு கல்யாணப் பருவம் முழுவதும் படிப்பவர்கள் அறிவார்கள்.

2019-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் இதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தை உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கும் காயம் படவில்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இங்கே ‘ஹர்ஷ் ஃபயரிங்’ என்கிறார்கள். மகிழ்ச்சிச் சூடு என்று அதைத் தமிழாக்கி அச்சிட்ட செய்தி ஒன்றைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதற்கு ஒரு நல்ல பெயர் தர வேண்டாம்.

தில்லித் தமிழ்ப் பள்ளி மாணவி: துப்பாக்கி சுடும் விளையாட்டே துப்பாக்கி மோகத்தை வளர்க்கிறது என்று எங்கள் வகுப்பு விவாதத்தில் தோழி வாதிட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உன் தோழியின் வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன், மகளே. ஒரு பிஸ்டலோடு நாலு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதற்காகவே சுடுதளத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் விரல் விசையில் இருக்கிறது. முனை படத்தைப் பார்க்கும் நம்மை நோக்கியிருக்கிறது. அதாவது படமெடுத்த நண்பரின் நெற்றியை நோக்கியிருந்தது. அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு ஓர் இளைஞரைப் பயிற்சியிலிருந்து நானே விலக்கியிருக்கிறேன். அவர் கடைசிவரை என் காரணத்தைப் புரிந்துகொள்ளவில்லை.

ஆனால் விளையாட்டில் நிலைத்து நிற்பவர்களைப் பார். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 60 முறை சுட 75 நிமிடம் தருகிறார்கள். நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். இந்தப் பத்தியின் ஒரு முற்றுப்புள்ளி அளவுதான் இருக்கும். இதயத் துடிப்பே குழலை அசைக்கும் என்பதால் மூச்சையும் மனத்தையும் அடக்கிப் பழகாதவரால் அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. 2004-இல் ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றதும், 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றதும் இப்படிப்பட்ட பொறுமையால்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே ஏர் ரைஃபிளோடு ஒலிம்பிக் வரை போயிருக்கிறார். அவர்கள் துப்பாக்கியைக் கையாளும் காணொளிகளில் முகத்தைப் பார்க்காமல் விரலை மட்டும் பார்த்துக்கொண்டு வா. அடுத்த விவாதத்தில் உன் தோழிக்குச் சொல்ல உனக்கே நிறையக் கிடைக்கும்.

ஆர்.கே. புரம் வாசகி: எங்கள் மகளின் ஏர் ரைஃபிளை ஆயுத பூஜையன்று கொலுவின் பக்கத்தில் வைத்துச் சந்தனம், குங்குமம் இட ஆசைப்படுகிறோம். வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள். அதை மதித்து வைக்கும் வீட்டில் பிள்ளையும் அதை மதிக்கப் பழகும். முதலில் உங்கள் மகளும் வீட்டில் இன்னொருவரும் தனித்தனியே குழலைத் திறந்து பார்த்து, பாதுகாப்புக் கொடியைச் செருகிய பிறகே பூஜைக்கு எடுத்து வாருங்கள். ஆட்கள் உட்காராத சுவர்ப்பக்கமாக முனை இருக்கட்டும். பொட்டை மரக்கட்டைப் பகுதியிலோ, அதைவிட மேலாக அதன் பெட்டியின்மேலோ வையுங்கள். குறிகாட்டியிலோ குழல் வாயிலோ ஈரச் சந்தனம் பட்டால் துடைத்தெடுப்பது மிகவும் சிரமம். கொலு பார்க்க வரும் குழந்தைகள் தொட்டுப் பார்க்கக் கேட்பார்கள் என்பதால், தீபாராதனை முடிந்த கையோடு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.